எர்த்: வண்டியில் யாரும் பார்க்காத பாதி ஒயர்

மாதவரத்திலிருந்து மணலிக்குப் போகும் இருநூறு அடி சாலையில் இரவு எட்டு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டிப் போகும். அவற்றில் சில வண்டிகளின் பின்பக்கத்தைக் கவனித்தால் ஒரு விசித்திரம் தெரியும். டிரைவர் பிரேக்கை மிதித்தால் எரிந்து கொண்டிருந்த டெயில் லைட் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து துடிக்கும். சில வண்டிகளில் பின்னால் வெளிச்சமே இருக்காது. டிரைவரைக் கேட்டால், "பல்பு போச்சு சார்" என்பார். பெரும்பாலும் பல்பு போயிருக்காது. எர்த் போயிருக்கும்.

லாரி செட்டுகளில் ஒயரிங் வேலையைப் பார்த்தே பிழைப்பு நடத்தியவன் என்பதால் இந்த "எர்த்" என்ற சமாச்சாரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைப்பு. இது வெறும் மெக்கானிக் சங்கதி இல்லை. நம் வடசென்னைக்கும் இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. லாரியும் பஸ்ஸும் எண்ணூரில் பிறந்தன, புல்லட் திருவொற்றியூரில் பிறந்தது, அவற்றை அரித்துத் தின்னும் உப்புக்காற்றும் இதே ஊரில்தான் வீசுகிறது.

தண்டவாளம் சொல்லிக் கொடுத்த பாடம்

கரண்ட் என்பது போய்விட்டுத் திரும்பி வர வேண்டிய ஒன்று. பேட்டரியின் ஒரு முனையிலிருந்து கிளம்பி, விளக்கையோ ஹார்னையோ வேலை செய்ய வைத்துவிட்டு, மறு முனைக்கு வந்து சேர்ந்தால்தான் சுற்று முடியும். அப்படியானால் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு ஒயர் வேண்டும். ஆனால் லாரியின் டெயில் லைட்டைக் கழற்றிப் பார்த்தால் பல வண்டிகளில் ஒரு விளக்குக்கு ஒரு ஒயர்தான் வந்திருக்கும். திரும்பிப் போகிற ஒயர் எங்கே? வண்டியின் இரும்புச் சேஸிஸும் பாடியும்தான் அந்த ஒயர். அதைத்தான் நாம் எர்த் என்கிறோம்.

இந்த யோசனை மோட்டார் வண்டிக்கு முந்தியது. மெட்ராஸில் 1895-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் கரண்டைத் தரைக்கு அடியில் கால்வாய் போன்ற பள்ளத்தில் வைத்தார்கள். பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். மேல் கம்பியிலிருந்து இறங்கிய கரண்ட் டிராமின் மோட்டாரைச் சுற்றிவிட்டு, சக்கரத்தின் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போனது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் டிராமில் போனவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். 1953-இல் அது நின்று போகும் வரை, அவர்கள் காலடியில் இருந்த தண்டவாளம் வண்டிக்குப் பாதையாகவும் இருந்தது, கரண்டுக்குத் திரும்பும் வழியாகவும் இருந்தது.

ஆரம்ப கால மோட்டார் கார்களுக்கு இந்தக் கவலையே இல்லை. விளக்கு கார்பைடு விளக்கு. கல்லில் தண்ணீர் சொட்டி, வரும் வாயுவைப் பற்ற வைப்பார்கள். ஹார்ன் ரப்பர் பந்து. எஞ்சினுக்குப் பொறி கொடுக்க மேக்னெட்டோ. ஸ்டார்ட் செய்ய முன்னால் நின்று ஹேண்டில் அடிக்க வேண்டும். ஹேண்டில் திருப்பி அடித்துக் கை ஒடிந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருட கேடிலாக் காரில் வந்தது. அதோடு பெரிய பேட்டரியும் டைனமோவும் வண்டிக்குள் குடியேறின. பேட்டரி வந்த பிறகு விளக்கு, ஹார்ன், வைப்பர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் இரட்டை ஒயர் போட்டால் செம்பு எவ்வளவு ஆகும்? சேஸிஸ் சும்மாதானே இருக்கிறது என்று அதையே திரும்பும் வழியாக்கினார்கள். செம்பில் பாதி மிச்சம், இணைப்புகளிலும் பாதி மிச்சம்.

கடலில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. இரும்புக் கப்பலின் உடம்பைக் கரண்ட் திரும்பும் வழியாக்கினால், உப்புத் தண்ணீரில் அந்தக் கரண்டே இரும்பைக் கரைத்துத் தின்றுவிடும். அதனால் கப்பலில் இரட்டை ஒயர்தான். காசிமேட்டில் மர விசைப்படகும் ஃபைபர் படகும் கரண்ட் கடத்தாது, அங்கேயும் இரட்டை ஒயர்தான். கரையில் ஓடுகிற லாரிக்கும் அதே உப்புக்காற்றுதான், ஆனால் அதற்கு ஒற்றை ஒயர். நம் ஊர் வண்டிகளின் சங்கடத்துக்கு மூலம் இதுதான்.

எண்ணூர், திருவொற்றியூர், பாடி

1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த வருடம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு சேர்ந்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உண்டாக்க, திருவொற்றியூரில் புல்லட் வந்தது. 1961-இல் டி.வி.எஸ்.ஸும் லூகாஸும் கூட்டாகத் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். பாடியில் டைனமோ, செல்ஃப் மோட்டார் எல்லாம் செய்யத் தொடங்கியது. நம் தலைமுறையில் வீட்டுக்கு ஒருவராவது இந்த மூன்று கேட்டுகளில் ஏதாவது ஒன்றின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஓடியவர்கள்தான்.

மூன்றும் இங்கிலாந்து வழி வந்தவை. ஆகவே ஒயரிங்கும் இங்கிலாந்து வழி. அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. ஒயருக்கு நிறம் ஒரு மொழி. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை என்றால் சாவி போட்ட பிறகு வருவது. பச்சை என்றால் சாவியும் கடந்து ஃபியூஸும் கடந்து வருவது. சிவப்பு சைடு லைட், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட பையன்கூட இந்த ஆறு நிறத்தைத் தெரிந்து கொண்டால் வண்டியைப் படித்துவிடுவான். கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு நிற ஒயரை இடையில் ஒட்டுப் போட்டுவிட்டுப் போகிறவர், அடுத்து வருகிற மெக்கானிக்கின் கண்ணைக் கட்டிவிட்டுப் போகிறார்.

கெட்ட விஷயமும் இருந்தது. அந்தக் காலக் கார்களில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் இரண்டே இரண்டு ஃபியூஸ். ஹெட்லைட்டுக்குப் போகும் பாதைக்குப் பல வண்டிகளில் ஃபியூஸே கிடையாது. நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால், ஃபியூஸுக்குப் பதிலாக ஒயரே உருகும். ஒயர் மேல் அப்போது பருத்தி நூல் பின்னிய உறை, பற்றிக் கொண்டால் திரிபோல எரியும். இங்கிலாந்தில் லூகாஸ் கம்பெனிக்கு "இருட்டின் இளவரசன்" என்று கேலிப் பெயரே வைத்திருந்தார்கள். ஜோசப் லூகாஸ் பர்மிங்ஹாம் தெருக்களில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்று, பிறகு சைக்கிள் விளக்கு செய்து பெரிய ஆளானவர். அந்த விளக்குக்கு அவர் வைத்த பெயர் "சாலையின் ராஜா". ராஜா பின்னாளில் இருட்டின் இளவரசன் ஆனது பாவம்தான். அந்தக் கேலியில் ஒரு பங்கு சாமானுக்கு உரியது, இன்னொரு பங்கு துருப்பிடித்த எர்த்துக்கு உரியது என்பது என் அபிப்பிராயம்.

புல்லட் வைத்திருந்தவர்களுக்கு 6 வோல்ட் காலம் நினைவிருக்கும். ஹெட்லைட் மின்மினிப் பூச்சி மாதிரி இருக்கும், எஞ்சினை முறுக்கினால்தான் வெளிச்சம். காரணம் எளிமையானது. ஒரே வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் ஓடுவதைப் போல 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் அதே ஒயரில், அதே துருவில் வீணாகும் சூடு நான்கு மடங்கு. அதாவது 6 வோல்ட் வண்டியில் எர்த் கொஞ்சம் சரியில்லை என்றாலும் உடனே தெரிந்துவிடும். 12-க்கும் 24-க்கும் மாறிய பிறகு வெளிச்சம் கூடியது, எர்த்தைக் கவனிக்கும் பழக்கம் குறைந்தது.

பாசிட்டிவ் எர்த் இருந்த காலம்

இன்றைய பையன்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் கால இங்கிலாந்து வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் சேஸிஸில் பூட்டினார்கள். ஆரம்பத்தில் நெகட்டிவ் எர்த் இருந்தது. 1930-களின் நடுவில் பாசிட்டிவ் எர்த்துக்கு மாறினார்கள். ஈரத்தில் பாசிட்டிவ் பக்கம் இருக்கும் உலோகம்தான் அரிக்கப்படும். மெல்லிய செம்பு ஒயர் அரிபடுவதைவிட, கனமான சேஸிஸ் அந்த அரிப்பைத் தாங்கிக் கொள்ளட்டும் என்பது ஒரு கணக்கு. ஸ்பார்க் பிளக்கில் பொறி சுலபமாக விழும் என்றும் சொன்னார்கள்.

அதை மாற்றியது ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டரும். 1960-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்தது. அதற்குள் இருக்கும் சிலிக்கான் டயோடு, கரண்டை ஒரே திசையில் விடும் கதவு போன்றது. பேட்டரியை மாற்றிப் பூட்டினால் அந்தக் கணமே டயோடு எரிந்து போகும். டைனமோ அப்படியில்லை, திசை மாறினாலும் பிழைத்துக் கொள்ளும். உலகம் முழுக்க ஒரே முறை வேண்டும் என்றாகி, இங்கிலாந்தும் 1960-களில் நெகட்டிவ் எர்த்துக்குத் திரும்பியது.

நம் ஊரில் பழைய வண்டி சீக்கிரம் சாகாது. அதனால் இரண்டு முறையும் வெகுகாலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. பேட்டரி இறங்கிய பழைய காருக்குப் புதிய வண்டியிலிருந்து ஒயர் கொடுக்கும்போது, இரண்டு வண்டியின் பம்பரும் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் அவ்வளவுதான், பட்டாசு. அதனால்தான் பழைய மேஸ்திரிகள் வேறு வண்டியின் பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால், "எது எர்த்?" என்று முதலில் கேட்பார்கள்.

ரப்பர் மேல் உட்கார்ந்த எஞ்சின்

பல்லவன் பஸ்ஸைத் தள்ளாதவர் நம் வயதில் யாராவது உண்டா? "ஆம்பளைங்க எல்லாம் கொஞ்சம் இறங்குங்க" என்று கண்டக்டர் சொல்ல, இறங்கித் தள்ளிவிட்டு ஓடிப்போய் ஏறியிருப்போம். பேட்டரி டவுன் என்று எல்லோரும் சொல்வார்கள். பல நேரம் அது உண்மைதான். ஆனால் பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் "கட்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுவதும் உண்டு.

இதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. முதலில் எஞ்சினைச் சேஸிஸில் நேராக போல்ட் போட்டு இறுக்கினார்கள். அதிர்வு தாங்க முடியவில்லை. 1931-இல் அமெரிக்காவின் பிளிமத் கார் எஞ்சினை ரப்பர் மேல் உட்கார வைத்து, அதையே பெரிய விளம்பரமாகச் செய்தது. பிறகு எல்லோரும் அந்த வழிக்கு வந்தார்கள். பிரயாணம் சுகமானது. ஆனால் ரப்பர் கரண்ட் கடத்தாது. எஞ்சினில் பூட்டியிருக்கும் செல்ஃப் மோட்டாருக்குப் போன கரண்ட் எப்படிச் சேஸிஸுக்குத் திரும்பும்? அதற்காகத்தான் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே பின்னல் செம்புப் பட்டை ஒன்றைப் பூட்டினார்கள். ஒரு முழம்கூட இருக்காது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெயும் சேறும் அப்பிக் கிடக்கும். யார் கண்ணிலும் படாது.

கனரக வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது சில நூறு ஆம்பியர் ஓடும். 300 ஆம்பியர் என்று வைத்துக் கொள்வோம். அந்தப் பட்டையின் போல்ட்டில் துரு சேர்ந்து நூறில் ஒரு பங்கு ஓம் தடை உண்டானால், அங்கேயே 3 வோல்ட் போய்விடும். பட்டை முழுக்க அறுந்து போனால் இன்னும் மோசம். கரண்ட் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் எதுவாக இருந்தாலும் அதன் வழியாகப் போகும். கேபிள் சூடாகிப் புகையும். கேபிள் ஏன் அடிக்கடி இறுகுகிறது என்று கேபிளையே மாற்றிக் கொண்டிருப்பார்கள். எங்கள் மேஸ்திரி அப்போது ஒன்று சொல்வார்: "போற கரண்டப் பாத்துட்ட தம்பி, திரும்பி வர்ற கரண்டப் பாத்தியா?"

உப்புக்காற்று

நம் பக்கத்துக் காற்றைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டாம். ஒரு பக்கம் கடல், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் உப்பளம், நடுவில் நிலக்கரித் தூசும் மணலி ஆலைப் புகையும். ஜன்னல் கம்பி நாலு வருஷத்தில் இளைத்துப் போவதைப் பார்த்தவர்கள் நாம்.

எர்த் இணைப்பு என்பது செம்பு லக்கை இரும்புச் சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்குவது. இரண்டு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது தானே ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். அதில் பலியாவது இரும்பு. லக்குக்கு அடியில் துரு பொருக்காக எழும்பும். துரு கரண்டைச் சரியாகக் கடத்தாது. செம்புப் பக்கம் பச்சைக் களிம்பு பூக்கும். வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். ஒயர் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், எர்த் கெட்டால் தெரியாது. பாதி ஒயர் சேஸிஸாக இருப்பதில் இருக்கும் பெரிய சங்கடம் இதுதான்.

எவ்வளவு நஷ்டம் என்று பார்க்கலாம். 12 வோல்ட் வண்டியில் இரண்டு 60 வாட் ஹெட்லைட் எரிந்தால் 10 ஆம்பியர். எர்த்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் 1 வோல்ட் போகும். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதிகமாகக் குறையும். அந்த ஒரு வோல்ட்டுக்கு வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். டிரைவர் அதிக வாட் பல்பு வாங்கிப் போடுவார். ஆம்பியர் கூடும், எர்த்தில் சூடு கூடும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை நினைத்துப் பாருங்கள். எஞ்சினைக் கழுவி, ஆயில் மாற்றி, ஓட்டிக் கொண்டு போனார்கள். தொல்லை பிறகு ஆரம்பித்தது. கப்ளருக்குள் நின்ற அழுக்குத் தண்ணீர் காய்ந்து, களிம்பு பிடித்து, ஒவ்வொரு விளக்காகப் போனது. தண்ணீர் வடிந்த வாரத்திலேயே கப்ளர்களைப் பிரித்துக் கழுவிக் காய வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

டிரெய்லரின் ஏழாவது முள்

1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தது. நம் சாலைகளின் முகமே மாறியது. முன்பு மூட்டை ஏற்றிய லாரி, ஒரே உடம்பு. டிரெய்லர் அப்படியில்லை. முன்னால் இழுக்கும் வண்டி வேறு, பின்னால் வரும் டிரெய்லர் வேறு. இரண்டுக்கும் நடுவில் கரண்ட் பாலம், சுருள் ஒயரும் ஏழு முள் சாக்கெட்டும்தான். ஆறு முள் டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் என்று கரண்டைக் கொண்டு போகும். மீதி ஒரு முள் எர்த். ஆறு பேர் கொண்டு போவதை அந்த ஒருவன்தான் திரும்பக் கொண்டு வர வேண்டும். அதிக பாரம் அவனுக்கு.

அந்த முள் களிம்பு பிடித்தாலும் விளக்கு முழுக்க அணைந்துவிடாது. அங்கேதான் ஏமாற்றம். டிரெய்லரின் கிங்பின் வழியாக, கிரீஸ் அப்பிய இரும்புத் தட்டின் வழியாகக் கொஞ்சம் கரண்ட் திரும்பும். குழியில் ஏறி இறங்கும்போது எரியும், அணையும். அதுவும் கிடைக்காவிட்டால் பிரேக் லைட்டின் கரண்ட் டெயில் லைட்டின் இழை வழியாகவே திரும்பப் பார்க்கும். அதனால்தான் பிரேக் மிதித்தால் டெயில் லைட் மங்குவதும், இண்டிகேட்டர் போட்டால் எல்லாம் துடிப்பதும். மரப்பலகைப் பாடி லாரிக்கும் இதே கதைதான். பலகையில் பூட்டிய டெயில் லைட்டுக்குச் சேஸிஸ் வரை தனி எர்த் ஒயர் இழுத்தாக வேண்டும். பலகை ஈரமாக இருக்கும்போது எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

துறைமுகக் கேட்டில் இடம் கிடைக்காமல் சாலையோரம் நிற்கும் டிரெய்லரின் பின்னால் மோதுகிற மோட்டார் சைக்கிள்காரனை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருகிறவன். அவனுக்கும் அந்த நாற்பதடி இரும்புக்கும் நடுவில் இருக்கும் ஒரே எச்சரிக்கை அந்தச் சிவப்பு விளக்கு. ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே என்பார்கள். அது வேறு வெளிச்சம் பட்டால்தான் ஒளிரும். சேறு அப்பியிருந்தால் அதுவும் இல்லை. ஒரு முள்ளைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு டிரிப்புக் கணக்கில் இடமில்லை என்பதுதான் வேதனை.

டேங்கரும் வெல்டிங்கும்

மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து நமக்கு டேங்கர் லாரி பழக்கம். அங்கே எர்த் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பலர் குழப்பிக் கொள்வார்கள். வண்டியின் எர்த், பூமியோடு சேர்ந்ததல்ல. டயர் ரப்பர், வண்டி பூமியிலிருந்து பிரிந்தே நிற்கிறது. சேஸிஸ் என்பது பேட்டரிக்குத் திரும்பும் வழி, அவ்வளவுதான். டேங்கரில் எரிபொருள் ஏற்றும்போது ஒரு கிளிப் மாட்டுகிறார்களே, அது நிஜமான பூமி எர்த். குழாயில் எண்ணெய் ஓடும்போது உண்டாகும் நிலை மின்சாரத்தை இறக்கி விடுவதற்கு. இரண்டில் எது சரியில்லாவிட்டாலும் அந்த இடத்தில் ஒரு பொறி போதும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே கட்-ஆஃப் ஸ்விட்ச் இருக்க வேண்டும், ஒயர் உரசாமல் எண்ணெய் படாமல் இருக்க வேண்டும் என்று டேங்கருக்கு விதியே உண்டு.

இன்னொன்று வெல்டிங். சேஸிஸில் பட்டி போட வண்டியை விடுவோம். பேட்டரியைக் கழற்றாமல், வெல்டிங் எர்த் கிளாம்பை எங்கோ தொலைவில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். அந்தக் கரண்ட் கிடைத்த வழியில் எல்லாம் திரும்பும். வீல் பேரிங் வழியாகப் போனால் பேரிங்கில் புள்ளி விழும். ஆல்டர்னேட்டர் டயோடைத் தொட்டால் டயோடு போகும். இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டியே போகும். பேட்டரியைக் கழற்று, வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளாம்பை மாட்டு. இது இரண்டு வரிப் பாடம்தான்.

இன்றைக்கும் அதே பாடம்

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு லாரி முழுக்க சென்சார். பல சென்சார்கள் 5 வோல்ட்டில் பேசுகின்றன. எர்த்தில் அரை வோல்ட் தவறினால், அந்த சென்சார் பொய் சொல்லும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், ஆயிரக்கணக்கில் செலவழித்து சென்சார் மாற்றுவார்கள், விளக்கு மறுபடி எரியும். பழைய காலத்தில் எர்த் கெட்டால் விளக்கு மங்கியது, மனிதனுக்குப் புரிந்தது. இப்போது கம்ப்யூட்டர் குழம்புகிறது, மனிதனும் சேர்ந்து குழம்புகிறான்.

2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. டிராம் நின்று 72 வருடம் கழித்து சென்னைத் தெருவில் மறுபடி மின்சார வண்டிகள். மின்சார வண்டியில் மோட்டாருக்குப் போகும் பெரிய வோல்ட்டுக்குச் சேஸிஸைத் திரும்பும் வழியாக வைப்பதில்லை. ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள் இரண்டு, போக ஒன்று, வர ஒன்று. கப்பல்காரன் கணக்குக்கே வந்துவிட்டார்கள். ஆனால் அதே வண்டியின் விளக்குக்கும் ஹார்னுக்கும் சின்ன பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. அதற்குப் பழையபடி பாடிதான் எர்த். ஆக, உப்புக்காற்றுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கும், வண்டி ஓட்டும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் சில வார்த்தை. வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், பேட்டரியிலிருந்து சேஸிஸ், சேஸிஸிலிருந்து எஞ்சின் என்ற இரண்டு எர்த்தையும் கழற்றச் சொல்லுங்கள். பெயின்டையும் துருவையும் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு, பல் வாஷர் போட்டு இறுக்கட்டும். கிரீஸோ வாஸலினோ இறுக்கிய பிறகு மேலே தடவ வேண்டும். ஒயர் தகட்டுக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக ஹார்னோ ஃபாக் லைட்டோ போட்டால், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே, எர்த்துக்குத் தனி ஒயர். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலில் எடுங்கள், பூட்டும்போது கடைசியில் பூட்டுங்கள். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி வராது.

சந்தேகம் வந்தால் மீட்டர் ஒன்று போதும். விளக்கை எரிய விட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை விளக்கின் எர்த்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் காட்டினால், பல்பு வாங்கக் கடைக்குப் போக வேண்டாம், உப்புக்காகிதம் எடுத்து வாருங்கள்.